நைஸ்: ஒரு முட்டாள் நல்லவனான கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும், இடையிடையே ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதும் என் பிழைப்பு. இரண்டு வேலையிலும் என்னை அதிகம் படுத்திய சொல் எது என்று கேட்டால், தத்துவ நூல்களில் வரும் கனத்த சொற்கள் எதையும் சொல்லமாட்டேன். 'நைஸ்' என்றுதான் சொல்வேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதனாலேயே யாரும் அதை அகராதியில் தேடிப் பார்ப்பதில்லை. மாணவர்களும் நண்பர்களும் அதைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

'நைஸ்' என்றால் முதலில் 'முட்டாள்' என்றுதான் பொருளாமே? உண்மையா, யாரோ கட்டிவிட்ட கதையா?

உண்மைதான். இலத்தீனில் 'ஸ்கீரே' என்றால் அறிதல். அதன் முன்னே 'இல்லை' என்னும் பொருள்தரும் ஒட்டுச் சேர்ந்தால் 'நெஸ்கீரே', அதாவது அறியாதிருத்தல். அறியாதவன் 'நெஸ்கியுஸ்'. இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழிக்கு வந்து தேய்ந்து 'நீஸ்' ஆனது. அசடு, பேதை, மந்தபுத்திக்காரன் என்பது பொருள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனை, வழக்குமன்றம், சமையல்கட்டு என்று எல்லா வாசல் வழியாகவும் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று. 1300ஐ ஒட்டிய ஆங்கில எழுத்துகளில் இது தலைகாட்டும்போது 'முட்டாள்தனமான' என்பதே அதன் பொருள். அன்று ஒருவரைப் பார்த்து 'நீங்கள் மிகவும் நைஸ்' என்று சொல்லியிருந்தால் கைகலப்பு ஆகியிருக்கும்.

'ஸ்கீரே'யின் மற்றப் பிள்ளைகளையும் உங்களுக்குத் தெரியும். 'சயின்ஸ்' அதிலிருந்து வந்ததுதான். மனசாட்சியைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' என்பதும் அப்படியே. ஆக, சயின்ஸும் நைஸும் பங்காளிகள். ஒருவர் அறிவின் பக்கம் போனார், மற்றவர் அறியாமையின் பக்கம் பிறந்தார்.

ஸ்பானிய மொழியில் இதே இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல் 'நெசியோ'. அது இன்றைக்கும் முட்டாளைத்தான் குறிக்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்த இருவரில் இங்கிலாந்துக்குப் போனவன் கனவானாகிவிட்டான். ஸ்பெயினில் தங்கியவன் இன்னும் அசடாகவே இருக்கிறான்.

அதற்கு எழுத்தில் சான்று இருக்கிறதா?

நிறையவே. எனக்குப் பிடித்தது பழைய ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் தருவது. 1380களில் எழுதிய 'ட்ராய்லஸும் கிரிசெய்டும்' என்ற நெடுங்கவிதையின் இரண்டாம் பகுதித் தொடக்கத்தில் அவர் மொழி மாறுவதைப் பற்றியே பேசுகிறார். பேச்சின் வடிவம் ஆயிரம் ஆண்டுகளில் மாறிவிடுகிறது; அன்று மதிப்போடு வழங்கிய சொற்கள் இன்று நமக்கு அசட்டுத்தனமாகவும் விநோதமாகவும் தோன்றுகின்றன; ஆனாலும் அன்றைய மக்கள் அப்படித்தான் பேசினார்கள், காதலிலும் வென்றார்கள் என்கிறார். இதில் 'அசட்டுத்தனமாக' என்ற இடத்தில் அவர் போட்டிருக்கும் சொல் எது தெரியுமா? 'நைஸ்'!

சொற்கள் பொருள் மாறும் என்று சொல்ல ஒரு சொல்லை எடுத்தார். அந்தச் சொல்லே அவர் காலத்துக்குப் பின் பொருள் மாறிவிட்டது. இன்றைய மாணவன் அந்த வரியைக் குறிப்புரை இல்லாமல் படித்தால், பழைய சொற்கள் நமக்கு 'வெகு இனிமையாக' இருக்கின்றன என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், பின்வரிசையில் தூங்குபவர்கள்கூட ஒரு நிமிடம் விழித்துக்கொள்வார்கள்.

சரி, முட்டாள் எப்படி நல்லவன் ஆனான்?

ஒரே தாவலில் ஆகவில்லை. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் படிப்படியாக ஏறினான். நடுவில் வழி தவறிச் சில சந்துகளிலும் புகுந்து வந்தான்.

முட்டாள் என்பதிலிருந்து முதலில் கிளைத்தது, முட்டாள்தனமாக நடந்துகொள்பவர் என்ற பொருள்: அடக்கமில்லாதவர், பகட்டாக உடுத்துபவர், ஒழுக்கம் தளர்ந்தவர். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்தப் பயன்பாடு உண்டு. பகட்டாக உடுத்துபவருக்கு உடையில் எப்போதும் ஒரு கண். மடிப்பு கலைந்தால் பொறுக்கமாட்டார். ஆகவே எதிலும் குறை காண்பவர், லேசில் திருப்தி அடையாதவர் என்ற பொருள் வந்தது. சாப்பாட்டில் இது நொட்டை, அது சொள்ளை என்பவரும் 'நைஸ்' ஆனார். அத்தகையவர் பொதுவாக மென்மையானவராக, தொட்டால் வாடுபவராகக் கருதப்பட்டார். எனவே மென்மை, கூச்சம் என்ற பொருள்களும் ஒட்டிக்கொண்டன. மென்மையானதைக் கையாளக் கவனம் வேண்டும். ஆகவே பதினாறாம் நூற்றாண்டில் நுட்பமான, கூர்ந்து நோக்கவேண்டிய, துல்லியமான என்ற பொருள்கள் வந்து சேர்ந்தன. துல்லியமாகப் பகுத்துணர்பவர் நல்ல ரசனை உடையவர். அவருடைய ரசனைக்கு உகந்தது நல்ல பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் 'இனிய' என்ற பொருள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். 'அன்பான, பண்பான' என்று மனிதரைப் பாராட்டுவது அதற்கும் பிந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது நிலைபெற்றது.

நான் இதை ஏணிபோல வரிசையாகச் சொன்னாலும், வாழ்க்கையில் அது அப்படி நடக்கவில்லை. பல படிகளில் ஒரே நேரத்தில் கால் வைத்திருந்தது இந்தச் சொல். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு நூல்களில் இது வரும் பல இடங்களில், எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களே கைவிரித்த இடத்தில் நான் எம்மாத்திரம்?

அறியாமை எப்படி மென்மையாகும்? அந்த இடம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

தமிழருக்கு அது பிடிபடாமல் போகக்கூடாது. 'அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். மடம் என்றால் என்ன? அறியாமை. மடமை என்றால் இன்றும் முட்டாள்தனம்தான். ஆனால் தொல்காப்பியம் களவியலில் 'அச்சமும் நாணும் மடனும் முந்துறுதல்' பெண்ணுக்கு உரியது என்று அதை ஒரு குணமாக்கி வைத்தது. சங்கப் பாடல்களின் 'மட மான்' முட்டாள் மான் அல்ல, இளமையும் மென்மையும் உடைய மான். வள்ளுவரும் 'பிணையேர் மடநோக்கும் நாணும் உடையாட்கு அணியெவனோ' என்று கேட்கிறார். பெண்மானைப் போன்ற மருண்ட பார்வை இருக்கும்போது இவளுக்கு நகை எதற்கு என்று வியக்கிறார். அங்கே 'மடம்' அழகு. பேதை என்ற சொல்லைப் பாருங்கள். அறிவில்லாதவரும் பேதை, ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமியும் பேதை.

அறியாமையை இளமையோடும், இளமையை மென்மையோடும், மென்மையை அழகோடும் முடிச்சுப் போடுவது ஆங்கிலேயர் கண்டுபிடித்த வித்தை அல்ல. இரண்டு சமூகங்களிலும் அந்த முடிச்சு பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் போடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஷேக்ஸ்பியர் இதை எந்தப் பொருளில் பயன்படுத்துகிறார்?

எந்தப் பொருளில் பயன்படுத்தவில்லை என்பது எளிய கேள்வி: இன்றைய பொருளில் இல்லை.

'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில், ஜூலியட் இறந்ததுபோல் நடிக்கிறாள் என்ற செய்தியைச் சொல்லும் கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேராமல் திரும்பிவிடுகிறது. பதறிப்போன லாரன்ஸ் துறவி, அந்தக் கடிதம் 'நைஸ்' அல்ல, கனமான செய்தி உடையது என்கிறார். அது அற்ப விஷயம் அல்ல என்று பொருள். 'நல்ல கடிதம் அல்ல' என்று படித்தால் காட்சியே குலைந்துவிடும். 'ஐந்தாம் ஹென்றி'யில், திருமணத்துக்கு முன் முத்தமிடுவது பிரெஞ்சுப் பெண்களின் வழக்கம் அல்ல என்று பிரெஞ்சு இளவரசி காதரின் தயங்கும்போது, 'நைஸ்' வழக்கங்கள் பேரரசர்களுக்கு முன் குனிந்துகொடுக்கும் என்று அரசன் பதில் சொல்கிறான். அங்கே அதன் பொருள் அளவுக்கு மீறிக் கூச்சம் பார்க்கிற, கறாரான என்பது.

சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி என்ன சொல்கிறது?

1755இல் வந்த அந்த அகராதி முதலில் தருவது, நுணுகி நுணுகித் துல்லியம் பார்க்கிற மதிநுட்பம் என்ற பொருளை. கூடவே, குற்றம் சொல்லத்தக்க அளவுக்கு மிஞ்சிய நுணுக்கத்தையும் இது அடிக்கடி குறிக்கும் என்று ஒரு குட்டு வைக்கிறார். பிறகு எச்சரிக்கை மிகுந்த, எதையும் எளிதில் ஏற்காத, லேசில் கெட்டுவிடுகிற என்று அடுக்கிக்கொண்டு போகிறார். இன்று நாம் நாளைக்கு நாற்பது முறை சொல்லும் 'இனிய' என்ற பொருளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அப்படியானால் 'இனிய' என்ற பொருள் எப்போது பரவியது? யாரும் எதிர்க்கவில்லையா?

ஜான்சனின் காலத்திலேயே பேச்சிலும் கடிதங்களிலும் அது நடமாடத் தொடங்கிவிட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. எதிர்ப்பும் உடனே வந்தது. அந்த எதிர்ப்பின் மிகச் சுவையான பதிவு ஜேன் ஆஸ்டின் எழுதிய 'நார்த்தேங்கர் அபி' நாவலில் இருக்கிறது. அவர் அதை 1790களின் இறுதியில் எழுதினார். ஆனால் அவர் மறைந்த பிறகு, 1817ஆம் ஆண்டின் கடைசியில்தான் அச்சில் வந்தது.

பாத் நகருக்கு அருகே ஒரு குன்றின்மேல் மூன்று பேர் உலாவப் போகிறார்கள். பதினேழு வயதுக் காதரின், தான் படிக்கும் திகில் நாவலை உலகிலேயே 'நைஸ்' ஆன புத்தகம் என்கிறாள். உடன் வந்த ஹென்றி டில்னி விடுவாரா? கச்சிதமான புத்தகம் என்கிறீர்களா, அது பைண்டிங்கைப் பொறுத்ததல்லவா என்று சீண்டுகிறார். அதோடு நிற்கவில்லை. இது நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், ஆகா, எல்லாவற்றுக்கும் உதவும் சொல்லல்லவா இது என்று கிண்டல் நீள்கிறது. தொடக்கத்தில் கச்சிதம், ஒழுங்கு, மென்மை, செம்மை ஆகியவற்றை மட்டும் குறித்திருக்கும் இந்தச் சொல்லில் இப்போது எல்லாப் பாராட்டும் அடைக்கப்பட்டுவிட்டது என்று அலுத்துக்கொள்கிறார்.

இதில் இரண்டு வேடிக்கைகள். ஹென்றியின் தங்கை எலினோர் அதே சொல்லை அண்ணன்மேலேயே திருப்புகிறாள்: உண்மையில் அந்தச் சொல் பொருந்துவது உங்களுக்குத்தான், பாராட்டாக அல்ல, உங்களுக்கு விவேகத்தைவிட 'நைஸ்' அதிகம் என்கிறாள். நொட்டை சொல்பவர் என்ற பழைய பொருளில் விழுந்த அடி அது. இன்னொன்று, 'தொடக்கத்தில்' என்று ஹென்றி அதிகாரமாகச் சொல்வது தொடக்கமே அல்ல. உண்மையான தொடக்கத்துக்குப் போயிருந்தால் அங்கே ஒரு முட்டாள் உட்கார்ந்திருப்பான். சொல்லின் தூய பொருளைக் காப்பதாகக் கிளம்புகிறவர்கள், தாங்கள் பிறந்தபோது வழங்கிய பொருளைத்தான் ஆதிப்பொருள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தமிழிலும் இந்த ரகத்தவர்கள் குறைவில்லை. நானும் சில நாட்களில் அவர்களில் ஒருவன்.

நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போரை, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் 'நைஸ்' என்று சொன்னாராமே? ரத்த ஆறு ஓடிய இடத்தில் என்ன பேச்சு அது?

சொன்னார். 1815 ஜூன் 18இல் போர் முடிந்தது. மறுநாள் பிரஸ்ஸல்ஸில் தாமஸ் கிரீவி என்ற நாடாளுமன்ற உறுப்பினரிடம் பேசும்போது, இது மிகவும் நைஸான விஷயம், உங்கள் வாழ்நாளில் இப்படி நூலிழையில் தப்பியதைப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்ற கருத்தில் சொன்னார். கிரீவி அதைக் குறித்துவைத்தார்.

வெலிங்டன் போரை ரசிக்கவில்லை. மயிரிழையில் இப்படியோ அப்படியோ சாய்ந்திருக்கும் என்கிறார். நுட்பமான, கத்திமுனையில் நின்ற என்ற பொருள். 'நூலிழையில்' என்று அவரே அடுத்து விளக்கிவிட்டதால் அவருடைய மானம் தப்பியது. முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து மேற்கோள் காட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்றைய ஆங்கிலத்தில் பழைய பொருள் எதுவும் மிஞ்சியிருக்கிறதா?

'நுட்பமான' மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதுவும் படித்தவர்களின் எழுத்தில். 'நைஸ் டிஸ்டிங்க்ஷன்' என்றால் மெல்லிய, எளிதில் கண்ணில் படாத வேறுபாடு. வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் இப்பொருளை இன்னும் கையாள்கிறார்கள். நுணுக்கம் என்று பொருள்படும் 'நைசிட்டி' என்ற பெயர்ச்சொல்லும் அதன் பன்மையும் உயிரோடு இருக்கின்றன.

இதில் எனக்கு ஒரு பழைய தழும்பு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தீர்ப்பின் பகுதியைத் தமிழாக்கக் கொடுத்தார்கள். இந்த வழக்கில் ஒரு 'நைஸ்' கேள்வி எழுகிறது என்று அதில் ஒரு வரி. 'இந்த வழக்கில் ஓர் இனிய கேள்வி எழுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சொத்துத் தகராறு வழக்கு அது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பிழை திருத்திய முதியவர் என்னை அழைத்து, 'தம்பி, இந்த வழக்கில் இனிமையாக என்ன இருக்கிறது என்று எனக்கும் கொஞ்சம் காட்டுங்கள்' என்றார். அன்று தொடங்கிய அகராதிப் பழக்கம் இன்னும் விடவில்லை.

ஆங்கிலத்தில் 'நைஸ்' கெட்டுப்போன சொல் என்று இலக்கணப் புத்தகங்கள் சொல்கின்றனவே?

1926இல் வெளிவந்த ஹென்றி ஃபௌலரின் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி அப்படித்தான் சொல்கிறது. பெண்களுக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய், அதன் தனித்தன்மையை எல்லாம் வசியப்படுத்திக் கறந்துவிட்டார்கள். மிஞ்சியது மங்கலான ஒரு இனிமை மட்டுமே என்று வருந்துகிறார். ஹென்றி டில்னி பேசியதும் இரண்டு பெண்களிடம்தான் என்பதைக் கவனியுங்கள். சொல் தேய்ந்தால் பழியைப் பெண்கள்மேல் போடுவது அங்கே ஒரு வாடிக்கை. தேய்ந்தது உண்மை, தேய்த்தது எல்லோரும்.

என் கருத்து: பேச்சுக்கு இப்படி ஒரு மங்கலான சொல் வேண்டும். பக்கத்து வீட்டார் கொண்டுவந்த பாயசத்தை வாயில் வைத்துவிட்டு ஏலக்காயின் அளவைப் பற்றித் துல்லியமாக விமர்சிக்க முடியாது. 'நன்றாக இருக்கிறது' என்போம். தமிழில் அந்த வேலையைச் செய்யும் 'நன்றாக' என்ற சொல்லை யாரும் கெட்டுப்போனது என்று சொல்வதில்லை.

இப்படித் தலைகீழாக மாறிய வேறு ஆங்கிலச் சொற்கள் உண்டா?

'ஃபாண்ட்' என்ற சொல் நைஸுக்குச் சொந்தத் தம்பி மாதிரி. அதுவும் முட்டாள் என்றே தொடங்கி, மயக்கம் கொண்ட, பிரியமான என்று உயர்ந்தது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் தன்னை அசட்டுக் கிழவன் என்று நொந்துகொள்ளும்போது இந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்கிறான். 'பிரெட்டி' பழைய ஆங்கிலத்தில் தந்திரக்காரன், இன்று அழகி. எதிர்த்திசையில் போனது 'சில்லி'. அது தொடக்கத்தில் பேறு பெற்ற, இறையருள் வாய்ந்த என்ற பொருளுடையது. பிறகு கள்ளமற்ற, பாவப்பட்ட, பலவீனமான என்று ஒவ்வொரு படியாக இறங்கி இப்போது அசட்டுத்தனம். ஜெர்மன் மொழியில் அதன் உறவான 'ஸேலிஷ்' இன்னும் பேறு பெற்றவராகவே இருக்கிறார். நைஸ் மாடிப்படி ஏறும்போது சில்லி எதிரே இறங்கிவந்திருக்க வேண்டும்.

மொழியியல் புத்தகங்கள் ஏறுவதை உயர்பொருட்பேறு என்றும், இறங்குவதை இழிபொருட்பேறு என்றும் சொல்லும். ஏற்றமா இறக்கமா என்று சொல்ல முடியாத மாற்றங்களும் உண்டு. நம்முடைய 'வெகுளி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் 'அழுக்காறு அவாவெகுளி இன்னாச்சொல்' என்று சொன்னபோது அது கடுங்கோபம். வெகுளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்று வெகுளி என்றால் சூதுவாது தெரியாத அப்பாவி. கோபக்காரர் எப்போது அப்பாவி ஆனார்? கோபத்தை ஒளித்துவைக்கத் தெரியாதவர் கள்ளம் இல்லாதவர் என்று யாரோ நினைத்திருக்கலாம். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும்.

தமிழில் 'நைஸாக அரை', 'நைஸாக நழுவிவிட்டான்' என்கிறோமே, இதெல்லாம் அதே 'நைஸ்' தானா?

நான் காத்திருந்த கேள்வி இது.

தமிழ்நாட்டு 'நைஸ்' ஆங்கிலேயருக்குப் புரியாது. மாவு அரைக்கும் இடத்தில் 'தோசைக்கு நைஸாகவும் இட்லிக்குக் கொஞ்சம் கொரகொரப்பாகவும்' என்று சொல்கிறோம். அங்கே அது இனிமையும் இல்லை, அன்பும் இல்லை. நுண்மை, பொடி நிலையின் அளவு. துணிக்கடையில் 'நைஸ் துணி' என்றால் தொட்டால் வழுக்குகிற, மெல்லிய துணி. அடுத்து, செய்தித்தாளில் 'மூதாட்டியிடம் நைசாகப் பேசி நகையைப் பறித்த நபர்' என்று வாரம் ஒரு முறையாவது படிக்கிறோம். அங்கே அது குழைவும் தந்திரமும். 'கடன் கேட்பார்கள் என்று தெரிந்ததும் நைஸாக நழுவினான்' என்றால் ஓசைப்படாமல், பிறர் கவனிக்காதபடி.

பாராட்டும் பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று திகைப்போம். ஆனால் ஆங்கிலத்தின் பழைய பொருள்களை அடுக்கிப் பாருங்கள்: மெல்லிய, நுண்ணிய, நாசூக்கான, கவனமாகக் கையாளும். ஆங்கிலேயர் பெரும்பாலும் மறந்துவிட்ட பொருள்களின் சாயல் நம் மாவு மில்லில் இருக்கிறது.

இதற்கு மேல் சொல்வது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரவல் சொல் ஒரு மொழிக்குள் வரும்போது, ஒலியில் தனக்கு நெருக்கமான உள்ளூர்ச் சொற்களின் பக்கத்தில் போய் உட்காரும். அவற்றின் சாயம் அதில் ஏறும். நைஸுக்குத் தமிழில் மூன்று அண்டை வீட்டார் வாய்த்தார்கள். முதலாவது 'நைதல்', அதாவது குழைதல், இற்றுப்போதல். 'நைய அரைத்தல்' என்பது நல்ல தமிழ். அதன் பக்கத்தில் 'நைஸாக அரைத்தல்' வந்து நின்றால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? இரண்டாவது 'நயம்'. மளிகைக் கடையில் நயம் புளி, நயம் பருப்பு என்றால் உயர்ந்த சரக்கு. நயமாகப் பேசுவது என்றால் இதமாகப் பேசுவது. மூன்றாவது, மிக முக்கியமாக, 'நைச்சியம்'. நைச்சியமாகப் பேசிக் காரியம் சாதித்தான் என்கிறோமே, அது. இந்த நைச்சியம் வடமொழியின் 'நீச' என்பதோடு தொடர்புடையது; தாழ்மை என்பது பொருள். வைணவ மரபில் தன் தாழ்மையை இறைவன் முன் அறிக்கையிடுவதை நைச்சியாநுசந்தானம் என்பார்கள். பக்தனின் பணிவாக இருந்த சொல், ஊருக்குள் வந்ததும் காரியக்காரனின் குழைவாகிவிட்டது. 'நைசாகப் பேசி' என்பதில் பாதி ஆங்கிலம் என்றால், மீதிப் பாதி இந்த நைச்சியம் என்பது என் நம்பிக்கை.

நாசூக்கு என்ற சொல்லையும் விட்டுவிடக்கூடாது. மென்மை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்து, தமிழில் பக்குவம், இங்கிதம் என்று ஆகியிருக்கிறது. 'நாசூக்காக நழுவினான்' என்றாலும் 'நைஸாக நழுவினான்' என்றாலும் ஆள் காணாமல் போனது ஒன்றுதான்.

பிரான்ஸில் உள்ள நீஸ் நகரத்துக்கும், சர்க்கரை தூவிய நைஸ் பிஸ்கட்டுக்கும், இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா?

நகரத்துக்கு இல்லை. அது கிரேக்கர்கள் அமைத்த நிக்காயா. வெற்றித் தேவதை நைக்கியின் பெயரை ஒட்டியது. எழுத்துக் கூட்டல் ஒன்றாக இருப்பது தற்செயல். ஆனால் சாசர் காலத்தில் நம் சொல்லையும் நகரத்தின் பெயரைப் போல நீட்டித்தான் உச்சரித்தார்கள். அதன்பின் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் கூட்டாக இடம்பெயர்ந்தன. 'நீ' என்பது 'நை' ஆனது அப்போதுதான்.

பிஸ்கட்டை எப்படி உச்சரிப்பது என்று பிரிட்டனில் இன்னும் சண்டை போடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. தேநீரில் முக்கினால் போதும்.

கம்ப்யூட்டரில் 'நைஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறதாமே?

யூனிக்ஸ், லினக்ஸ் என்ற இயங்குதளங்களில் உண்டு. ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அதால் அமைக்கலாம். லினக்ஸில் அளவு -20 முதல் 19 வரை. எண் கூடக்கூட அந்த நிரல் அதிக 'நைஸ்', அதாவது தன் முறை வரும்வரை பொறுமையாக வரிசையில் நிற்கும். எண் குறைந்தால் முந்தியடித்துக்கொண்டு போகும். சாதாரணப் பயனர் தன் நிரலை மேலும் நைஸ் ஆக்கிக்கொள்ளலாம். சுழிக்குக் கீழே இறக்கி முன்னுரிமை பெறுவதற்குப் பொதுவாக நிர்வாகியின் உரிமை வேண்டும். நம் ரேஷன் கடை வரிசைக்கும் யாராவது இப்படி ஒன்றை எழுதினால் தேவலை.

தமிழில் 'நைஸ்' என்பதை எப்படி மொழிபெயர்ப்பது?

எதைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று முதலில் பாருங்கள். வானிலைக்கு இதமான. சாப்பாட்டுக்கு ருசியான. ஆளுக்கு நல்ல, இனிமையாகப் பழகுகிற. வேறுபாட்டுக்கு நுட்பமான. எரிச்சலில் சொல்லப்பட்டால் 'நல்ல கூத்து!' என்று போடலாம். தமிழில் 'நல்ல' என்பதும் குத்தலுக்கு வசதியான சொல்தான்.

பிறகு, நூல் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 1750க்கு முந்தைய நூல் என்றால் இனிய என்ற பொருளைக் கடைசியாக யோசியுங்கள். 1750 முதல் 1830 வரை என்றால் இரண்டுக்கும் இடம் உண்டு. பேசுபவரின் வயதையும் குணத்தையும் கவனிக்க வேண்டும். 'நார்த்தேங்கர் அபி'யில் காதரின் சொல்வதும் எலினோர் சொல்வதும் ஒரே பக்கத்தில் வருகின்றன, ஆனால் ஒரே தமிழ்ச் சொல்லில் அடங்காது. அந்தக் காட்சியை மொழிபெயர்க்க நான் முயன்றிருக்கிறேன். 'நயம்' என்று போட்டுப் பார்த்தேன். புத்தகமும் நயம், நடையும் நயம் என்பது வரை ஓடியது. எலினோரின் குத்தலில் சிக்கிக்கொண்டது. நேர்த்தியைக் குறிக்கும் 'நறுவிசு' என்ற பழைய சொல்லையும் போட்டுப் பார்த்தேன், அடிக்குறிப்பு தேவைப்பட்டது. நகைச்சுவைக்கு அடிக்குறிப்பு வந்தால் நகைச்சுவை போய்விடும். அந்தத் தாள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மாணவர்கள் கட்டுரையில் 'நைஸ்' எழுதக்கூடாது என்று நீங்கள் தடை போட்டீர்களாமே?

போட்டேன், ஒரு பருவம் மட்டும். ஆங்கிலத்தில் சுற்றுலா அனுபவம் எழுதச் சொன்னால், மலை நைஸ், அருவி நைஸ், பஸ் நைஸ், டிரைவர் ரொம்ப நைஸ் என்று நாற்பது தாள்கள் வந்தன. ஹென்றி டில்னியின் ஆவி எனக்குள் புகுந்துவிட்டது. அடுத்த கட்டுரையில் அந்தச் சொல் வந்தால் மதிப்பெண் குறைப்பேன் என்று அறிவித்தேன்.

அடுத்த வாரம் நாற்பது தாள்களும் வந்தன. ஒன்றில்கூட 'நைஸ்' இல்லை. மலை 'குட்', அருவி 'குட்', பஸ் 'குட்', டிரைவர் 'வெரி குட்'.